மரத்தைப் பாராதே, தரையைப் பார்!



ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு நம் பள்ளிச் சிற்றாலயத்தில் குடில் அமைக்கும்போது, அதன் அருகே ஒரு மரக்கிளையை நிறுத்தி, வெள்ளித் தாளும் நட்சத்திரமும் கட்டி அழகு செய்வதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கிளையை நாங்கள் ஒன்பதாம் வகுப்பு வரை பைன் மரம் என்றே நம்பியிருந்தோம். எங்கள் அறிவியல் சிஸ்டர்தான் ஒரு நாள், "அது சவுக்கு, பிள்ளைகளா" என்று சொல்லி எங்கள் நம்பிக்கையைக் கலைத்தார்கள்.

ஊசி போன்ற ஒன்றைக் கிள்ளி எடுத்து இரு முனையிலும் பிடித்து இழுக்கச் சொன்னார்கள். ரயில் பெட்டிகள் கழன்றாற்போல் கணுவிலே கழன்றது. உண்மையில் அது இலையே அன்று, மெல்லிய தண்டு. கணுவைச் சுற்றிப் பல் பல்லாகத் தெரிபவைதாம் அதன் இலைகள். சவுக்கு பூக்கும் தாவர இனம். பைனுக்குப் பூ இல்லை, கூம்புதான். காயின் வடிவம் கூம்பு போல் இருப்பதால் நம்மை ஏமாற்றிவிடுகிறது. பைனின் ஊசி கொத்தாக முளைக்கும். இமயத்தின் கீழ்ச் சரிவில் வளரும் சீர் பைனுக்குக் கொத்துக்கு 3 ஊசி. அதற்கும் மேலே வளரும் நீலப் பைனுக்கு 5. எண்ணிப் பார்த்தே இனம் சொல்லிவிடலாமாம்.

இதைக் கேட்ட நாள் முதல் உண்மையான பைன் மரத்தைக் காண வேண்டும் என்ற ஆசை எங்களைப் பிடித்துக்கொண்டது. தை மாதத்தில் கொடைக்கானல் சுற்றுலா சென்றபோது அந்த ஆசை நிறைவேறியது. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், குளிரில் பற்கள் கிட்ட, தேவாலயத் தூண்கள் போல் வரிசையாக நின்ற மரங்களுக்கிடையே ஓடினோம், பாடினோம், ஊசிச் சருகில் வழுக்கி விழுந்தோம். திரும்பும் வழியில் சாலையோர நாற்றங்கால் ஒன்றில் 12 பைன் கன்றுகள் வாங்கினோம். நம் லூர்து மாதா கெபியைச் சுற்றி நட்டு, வருங்காலக் கிறிஸ்துமஸ் ஒவ்வொன்றுக்கும் உயிருள்ள மரத்தையே அலங்கரிப்பது என்பது எங்கள் திட்டம். மதரிடம் அனுமதி பெற்றோம். வேலிக் கம்பிக்காக மூன்றாம் வகுப்பு வரையுள்ள சின்னப் பிள்ளைகளிடம்கூட ஆளுக்கு ஐந்து ரூபாய் வசூலித்தோம். தண்ணீர் ஊற்ற முறை வைத்தோம்.

மாசி கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை முதல் கன்று செம்பட்டை பிடித்து நின்றது. அடுத்த திங்கள் மேலும் இரண்டு. சனிக்கிழமை முறை எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியுடையது. பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு என்பதால் அவளே முன்வந்து ஏற்றுக்கொண்ட முறை அது. அவள் ஊற்றவில்லை என்று எங்களுள் யாரோ சொன்னார்கள். யார் முதலில் சொன்னது என்று இன்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். "ஊத்துனேன்டி, மாதா மேல சத்தியமா ஊத்துனேன்" என்று அவள் அழுதாள். நாங்கள் நம்பவில்லை. உணவு வேளையில் அவளைத் தனியே உட்கார வைத்தோம். சித்திரை முடிவதற்குள் பத்துக் கன்றுகள் போயின. கோடை விடுமுறையில் மீதி இரண்டும் போயின. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு குட்டித் தங்கை ஓடிவந்து, "அக்கா, எங்க அஞ்சு ரூவா மரம் எங்கக்கா?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

நடந்ததை அறிந்த சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. "அவ தாத்தா வனத்துறையில காவலரா இருந்தவங்க. அவங்களையே கூப்பிட்டுக் கேப்போம்" என்று மட்டும் சொன்னார்கள். யாரைக் குற்றவாளி ஆக்கினோமோ அவளுடைய தாத்தாவே வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலை. எங்களுக்கு நெஞ்சு படபடத்தது.

தாத்தா வந்தார். காய்ந்த கன்றுகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே கெபியைச் சுற்றி நடந்தார். "எருக்கு, ஆவாரை, நெருஞ்சி" என்று தமக்குள்ளே எண்ணிக்கொண்டார். கம்பால் கிளறினார், வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் வந்தது. பிறகுதான் ஒரு கன்றைப் பிடுங்கி எங்களிடம் நீட்டினார்.

"ஏட்டி, வேரப் பாருங்க. தொட்டி மண்ண விட்டு ஒரு விரக்கடையாவது வெளிய வந்திருக்கா? இந்த மண்ணு அதுக்குப் பிடிக்கல. கொடம் கொடமா ஊத்தினாலும் பொழைக்காது. எம் பேத்தியக் குத்தஞ் சொன்னியளாக்கும்?"

நாங்கள் தலை குனிந்தோம். அன்று மாலையே அவள் வீட்டுக்குச் சென்று எல்லோரும் மன்னிப்புக் கேட்டோம். அவள் சட்டென்று மன்னித்துவிடவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று. அது நியாயமே.

பைனுக்குக் குளிர்ச்சி மட்டும் போதாது, புளிப்புத் தன்மையுள்ள மண்ணும் வேண்டும் என்றும், அதன் வேரோடு சேர்ந்து வாழும் ஒருவகைப் பூஞ்சை மண்ணில் இல்லாவிட்டால் சரியாக உண்ணவும் முடியாது என்றும் சிஸ்டர் பின்னர் விளக்கினார்கள். சுக்கான் நிலமோ புளிப்புக்கு நேர் எதிர். ஆனால் எங்களை வியக்க வைத்தது வேறொன்று. புத்தகம் எதையும் புரட்டாமல், மூன்று களைகளைப் பார்த்தே தாத்தா அந்த நிலத்தைப் படித்துவிட்டாரே! "காட்டுல எந்த இடம் எந்த மரத்துக்குன்னு எப்படித் தாத்தா தெரியும்?" என்று கேட்டோம். "மரத்தப் பாக்காத, தரையப் பாரு. மரத்த மனுசன் நட்டிருப்பான். தரையில மொளைக்கறது பொய் சொல்லாது" என்றார்.

இதே கருத்தைப் பின்லாந்து நாட்டுக் காட்டியல் அறிஞர் ஒருவர் 1909ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதியிருக்கிறார் என்பதைச் சிஸ்டர் சொல்லித் தெரிந்துகொண்டோம். அவர் பெயர் கஜாண்டர். மேலே நிற்பது ஒரே பைன் மரமாக இருந்தாலும், கீழே தரையில் வெறும் கற்பாசி படர்ந்திருந்தால் அது மிக ஏழை நிலம். ஒருவகைக் குறும்புதர் இருந்தால் சற்றே தேவலை. நீலக்கனிச் செடி இருந்தால் நல்ல நிலம். அதனுடன் புளியாரையும் சேர்ந்திருந்தால் வளமான நிலம். இப்படித் தரைச் செடிகளின் பெயராலேயே காட்டின் இடவகைகளுக்குப் பெயரிட்டார். நம் வயல் வரப்பில் முளைக்கும் புளியாரையின் உறவினச் செடிதான் அது. செங்கோட்டைக்கு மேற்கே உள்ள புளியரை ஊரைச் சேர்ந்த தோழிக்கு அன்று முழுவதும் ஒரே பெருமை! இந்தக் கஜாண்டர் பிற்காலத்தில் மூன்று முறை அந்நாட்டின் பிரதம மந்திரியாகவும் இருந்தாராம். காட்டைப் படித்தவர் நாட்டையும் ஆண்டிருக்கிறார்.

நம் நாட்டிலும் சாம்பியன் என்பவர் 1936இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தினார். பிறகு அவரும் சேத் என்பவரும் சேர்ந்து 1968இல் அதைத் திருத்தி 16 பெருந்தொகுதிகளாக வெளியிட்டார்கள். இமயமலையின் ஊசியிலைக் காடுகள் மட்டுமே அதில் எத்தனை விதம்! கீழே சீர் பைன், மேலே தேவதாரு, அதற்கும் மேலே வெள்ளி ஃபிர், உச்சியில் பூர்ஜ மரமும் ஜூனிப்பரும். உயரம் மட்டுமே கணக்கு அன்று. ஒரே உயரத்தில், வெயில் படும் தெற்குச் சரிவு ஒரு காடு. நிழல் விழும் வடக்குச் சரிவு வேறு காடு. எங்கள் பாடநூலில் இமயமலைக் காடுகளை நாலு வரியில் முடித்திருப்பதைப் பார்த்தால் சற்றுக் கோபமே வருகிறது.

தமிழாசிரியைக்கு இதைச் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள். "குறிஞ்சி என்பது என்ன? முல்லை என்பது என்ன? மருதம், நெய்தல்?" என்று கேட்டார்கள். எல்லாம் செடி கொடி மரங்களின் பெயர்கள்! நிலத்துக்கு அங்கே வளர்வதன் பெயரையே சூட்டியவர்கள் நம் முன்னோர். ஐந்திணையை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த எங்களுக்கு அன்றுதான் அதன் பொருள் விளங்கியது.

ஆனி மாதச் சாரலில் தாத்தாவும் சிஸ்டரும் எங்களைக் குற்றாலம் அழைத்துச் சென்றார்கள். நம் கீழப்பாவூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். குளிக்கப் போகிறோம் என்று எண்ணி எண்ணெய்ச் சீசாவோடு வந்தவர்களும் எங்களில் உண்டு. தாத்தாவோ பேருந்தில் சன்னல் ஓரம் உட்காரச் சொல்லி, தரையை எழுதிக்கொண்டே வரச் சொன்னார். பாவூர்சத்திரத்தில் சாலையோரம் எருக்கும் உடைமரமும். தென்காசி தாண்டியதும் பசுமை கூடியது. ஐந்தருவிப் பக்கம் பாறையெங்கும் பாசி, இடுக்கெல்லாம் பெரணி. இதே காற்றுத்தான் செங்கோட்டைக் கணவாய் வழியே வந்து அங்கே சாரலாகச் சிந்துகிறது. ஈரத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு நம் ஊருக்கு வரும்போது வெறுங் காற்றாகிக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் விளைவதும், நம் ஊரில் விளையாததும் ஏன் என்று அப்போது புரிந்தது.

மலையைக் கைகாட்டித் தாத்தா படிப்படியாகச் சொன்னார். அடிவாரத்தில் முட்புதர், அதற்கு மேலே கோடையில் இலையுதிர்க்கும் தேக்கும் கடுக்காயும், மேகம் தொடும் இடத்தில் என்றும் பசுமையாய் நாங்கும் கோங்கும். அங்கே தரையில் நாணல் போன்ற மெல்லிய மூங்கில் அடர்ந்திருந்தால் கீழே தண்ணீர் உண்டு என்று அறியலாமாம்.

"அங்கே பைன் உண்டா தாத்தா?" என்று ஒருத்தி கேட்டாள். (இத்தனைக்குப் பிறகும் அவளுக்குப் பைன் ஆசை தீரவில்லை!)

தாத்தா தம் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து காய்ந்த இலை ஒன்றை எடுத்தார். பணியில் இருந்த காலத்தில் கீழே உதிர்ந்து கிடந்ததை எடுத்து வைத்தாராம். அகலமான, பளபளப்பான இலை. "இது ஊசியிலை மரத்தோட சொந்தம்" என்றார். நாங்கள் கேலி என்று நினைத்தோம். சிஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். நடு நரம்பே இல்லை! காம்பிலிருந்து நுனி வரை மெல்லிய நரம்புகள் பல இணையாக ஓடின. நாகியா வாலிச்சியானா என்பது அதன் தாவரவியல் பெயர். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே கூம்புத் தாவர மரம் இதுதான். அஸ்ஸாம், பர்மா தொடங்கி நியூகினி வரை பரவியுள்ள இனம், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரம் மிகுந்த பசுமைமாறாக் காடுகளில் மட்டும் ஒளிந்து வாழ்கிறது. கிறிஸ்துமஸ் மரத்தின் உறவினரைத் தேடிக் கொடைக்கானல் வரை போனோம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஒருவர் ஆடம்பரமின்றி, ஊசியே இல்லாமல் இருந்திருக்கிறார்.

கொடைக்கானல் பைன்கள் உள்ளூர் மரங்கள் அல்ல என்பதையும் அன்றே அறிந்தோம். மெக்சிகோ நாட்டுப் பைன் முதலிய அயல் மரங்கள் கொண்டுவந்து நடப்பட்டவை. அவற்றுள் பல நின்ற இடம் முன்பு புல்வெளி. பழனி மலையிலும் நீலகிரியிலும் பள்ள மடிப்புகளில் சோலைக் காடும் சரிவுகளில் புல்லுமாக இருப்பதே இயற்கை. உறைபனி சோலை மரத்து நாற்றைக் கருக்கிவிடும். புல்லை ஒன்றும் செய்யாது. 12 ஆண்டுக்கு ஒரு முறை, கடைசியாக 2018இல், நீலக்குறிஞ்சி பூத்ததும் அந்தப் புல்வெளிகளில்தான். புல்தானே, வீண் நிலம் என்று எண்ணிப் பைனும் சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். அவர்களும் எங்களைப் போலவே தரையைப் படிக்காமல் நட்டவர்கள். எங்கள் பிழை பன்னிரண்டு கன்றோடு போயிற்று. அங்கேயோ மலை மலையாக.

வீடு திரும்பியதும் கொடைக்கானலில் எடுத்த எங்கள் குழுப் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். நாங்கள் இருபத்தெட்டுப் பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். தரை முழுவதும் பழுப்பு ஊசிச் சருகு. ஆனால் படத்தின் மூலையில், ஒருத்தியின் செருப்பருகே, அகல இலையுடன் ஒரு சின்னஞ்சிறு கன்று! பழைய பைன் தோப்புகளின் நிழலில் சோலை மரங்கள் தாமாகவே முளைத்து வருவதுண்டு என்று சிஸ்டர் சொன்னார்கள். இதுவும் சோலைக் கன்றா, வேறு ஏதேனுமா என்று படத்தில் தெரியவில்லை. நல்லவேளை, யாரும் அதை மிதித்துவிடவில்லை.

ஐப்பசி மழைக்கு முன் கெபியைச் சுற்றி மறுபடி குழி தோண்டினோம். என்ன கன்று வைப்பது என்பதை எங்கள் சனிக்கிழமைத் தோழியே தீர்மானித்தாள். வேம்பும் புங்கமும் என்றாள். ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. சனிக்கிழமைத் தண்ணீருக்கு இப்போது அவளோடு நாங்களும் இருவர் இருவராகச் செல்கிறோம். டிசம்பரில் குடிலருகே வழக்கம் போல் சவுக்குக் கிளையே நின்றது. ஐந்து ரூபாய்த் தங்கை அதன் ஊசியொன்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, கழண்டுட்டு!" என்று கூவினாள்.

நட்ட பன்னிரண்டில் பதினொன்று துளிர்த்து நிற்கின்றன. பன்னிரண்டாவதை ஆடு தின்றுவிட்டது.