பெரீயா என்னும் சிறிய கலாசாலை

நம் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் நண்பர் ஒருவர், சென்ற மாதம் ஒரு நாள் மாலை, கையில் ஒரு காகிதக் கட்டுடன் வந்து நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய மூத்த பையன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கியவன். அமெரிக்காவிலுள்ள ஒரு கலாசாலைக்கு மனுப் போடவேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். அதைப் பற்றி நம் அபிப்பிராயத்தைக் கேட்க வந்திருந்தார்.

"கலாசாலையின் பெயர் என்ன?" என்று கேட்டோம்.

"பெரீயா" என்றார்.

"பெரியதாகவே இருக்கட்டும், பெயரைச் சொல்லுங்கள்."

"பெயரே அதுதான்! ஆனால் மிகவும் சிறியதாம். மொத்தமே ஆயிரத்தைந்நூறு பேர்தான் படிக்கிறார்களாம். அதுதான் யோசனையாயிருக்கிறது."

அபிப்பிராயம் சொல்லுவதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் நம் ஊரில் கிடையாது. ஆயினும் பிறத்தியார் வீட்டுப் பிள்ளையின் வாழ்வு சம்பந்தப்பட்டதல்லவா? ஒரு வார அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தக் கலாசாலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். படித்ததில் நம் நேயர்களில் பிள்ளை குட்டிகள் உள்ளவர்களுக்குப் பயன்படக்கூடியது சிறிது உண்டு.

முதலில், 'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற பெயர். 'தாராளமான கலைகள்' என்று இதை மொழிபெயர்த்துக்கொண்டு, அங்கே பாட்டும் பரதமும் சொல்லித் தருவார்கள் என்று நண்பர் நினைத்திருந்தார். அப்படியல்ல. பதினெட்டு வயதுப் பையனை எடுத்த எடுப்பில் ஒரே தொழிலில் கட்டிப் போடாமல், கணிதமும் சரித்திரமும் விஞ்ஞானமும் இலக்கியமும் சேர்த்துப் படிக்கச் செய்து, சிந்திக்கவும் எழுதவும் வாதாடவும் பழக்கி, அதற்குப் பிறகு ஒரு துறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்லும் முறை அது. நாலு வருஷப் படிப்பு. வைத்தியராகவோ வக்கீலாகவோ ஆக வேண்டுமென்றால், அந்நாட்டு வழக்கப்படி, இதை முடித்த பிறகுதான் அதற்குரிய கலாசாலைக்குப் போக வேண்டும். 'நாலு வருஷத்தில் பையன் டாக்டராகத் திரும்பி வருவான்' என்று யாராவது எண்ணினால் அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுவது நலம்.

சிறிய கலாசாலை என்பதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. பெரிய சர்வகலாசாலைகளில் முன்னூறு பேர் உட்காரும் மண்டபத்தில் கடைசி வரிசையில் தூங்கியே காலத்தை ஓட்டிவிடலாம். இங்கே அது நடவாது. வகுப்பில் பதினைந்து இருபது பேர்தான் இருப்பார்கள். ஆசிரியருக்கு ஒவ்வொருவர் பெயரும் தெரியும். ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார். பாடம் நடத்துகிறவரும் ஆசிரியரே. மேல்வகுப்பு மாணாக்கர் அல்ல. நஷ்டம் என்னவென்றால், ஊர் சிறியது. கென்டக்கி மாகாணத்தில், அப்பலேச்சிய மலைத்தொடரின் அடிவாரத்தில், லெக்ஸிங்டன் நகரத்துக்குத் தெற்கே சுமார் நாற்பது மைல் தூரத்தில் இருக்கிறது. குளிர் காலத்தில் பனி பெய்யும். இட்லி பெய்யாது.

இனி, செலவு. அமெரிக்கப் படிப்பு என்றதும் நம் ஜனங்களுக்கு வீட்டையும் நிலத்தையும் அடமானம் வைப்பதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. பெரீயாவில் 1892-ஆம் வருஷம் முதல் எந்த மாணாக்கரிடமும் போதனைச் சம்பளம் வாங்குவதில்லை. இதைக் காட்டிலும் விசித்திரம், பணமுள்ள வீட்டுப் பிள்ளைகளை அங்கே சேர்ப்பதே கிடையாது. 'என்னால் சம்பளம் கட்ட முடியும்' என்று ஒருவன் சொன்னால், 'அப்படியானால் வேறிடம் பார்த்துக்கொள், அப்பா!' என்று அனுப்பிவிடுகிறார்கள். அயல்நாட்டு மாணாக்கர்களுக்கு முதல் வருஷம் உணவும் இருப்பிடமும் சேர்த்து உதவி கிடைக்கிறது. பின்வரும் வருஷங்களில் கோடை விடுமுறையில் வேலை செய்து சேமித்து ஒரு சிறு பங்கு அவர்களும் செலுத்த வேண்டும். விமானச் செலவும் விஸாச் செலவும் நம் தலையில்தான். ஒவ்வோர் ஆண்டும் எடுத்துக்கொள்ளப்படும் அயல்நாட்டார் மிகச் சிலரே. உலகம் முழுவதிலிருந்தும் மனுக்கள் வந்து குவிகின்றன. ஆகையால், 'இடம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு' என்று எந்தத் தரகராவது வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள், பணம் கொடுக்காதீர்கள்.

போதனைச் சம்பளத்துக்குப் பதிலாகக் கலாசாலை மாணாக்கரிடம் கேட்பது உழைப்பு. ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். புத்தகசாலையிலோ, தோட்டத்திலோ, தச்சுப் பட்டறையிலோ, நெசவுக் கூடத்திலோ, சமையற்கூடத்திலோ, தரை துடைப்பதிலோ, முதல் வருஷம் கலாசாலை எந்த வேலையைக் கொடுக்கிறதோ அதுதான். பிற்பாடு தாமாகத் தேடிக்கொள்ளலாம். 1909-ல் ஏற்பட்ட 'பூன் டேவர்ன்' என்ற ஹோட்டலொன்று கலாசாலைக்குச் சொந்தம். அதிலும் மாணாக்கர்கள் வேலை செய்கிறார்கள். பாடத்துக்கு மார்க்கு இருப்பதுபோல் வேலைக்கும் மதிப்பீடு உண்டு. 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுநாயகமாக வைத்த கல்வி முறையை எடுத்துச் சொன்னார். நாம் அந்த யோசனைக்குச் சட்டம் போட்டு மாலையும் சூட்டிச் சுவரில் மாட்டிவிட்டோம்.

ஆனால் நம் மனத்தைத் தொட்டது இந்தக் கலாசாலையின் சரித்திரந்தான். அடிமை முறை நிலவிய கென்டக்கியில், 1855-ல், அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்ற பாதிரியார் ஓர் ஒற்றை அறைப் பள்ளிக்கூடமாக இதைத் தொடங்கினார். 1859-ல் ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டத்தார் வந்து, பத்து நாளில் மாகாணத்தை விட்டு வெளியேற வேண்டுமென்று அவருடைய சகாக்களுக்குக் கெடு விதித்தார்கள். வெளியேறினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்ததும் திரும்பி வந்தார்கள். 1866-67-ல் அங்கே படித்தவர்கள் 187 பேர். அவர்களில் 96 பேர் கறுப்பர், 91 பேர் வெள்ளையர். முந்தைய வருஷம் வரையில் ஒருவரை ஒருவர் விலைக்கு வாங்கிய ஊரில் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படித்தார்கள்!

இந்தக் கதை இப்படியே சுகமாக நடந்திருந்தால் நன்றாயிருக்கும். 1892-க்குப் பிறகு கலாசாலைத் தலைவர் மலைநாட்டு ஏழை வெள்ளையர் பக்கம் அதிகக் கவனம் செலுத்தினார். கறுப்பு மாணாக்கரின் விகிதம் குறைந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்தவரும் அடிமைகளாயிருந்த பெற்றோரின் புதல்வருமான கார்ட்டர் உட்ஸன் 1903-ல் அங்கே பட்டம் பெற்றார். பிற்காலத்தில் கறுப்பினத்தாரின் சரித்திரத்தையே ஒரு தனிப் படிப்பாக ஆக்கியவர் அவர். மறு வருஷமே, இரு நிறத்தாரும் சேர்ந்து படிக்கக் கூடாது என்று கென்டக்கிச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. பெரீயா சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வழக்காடி, 1908-ல் தோற்றது. கறுப்பு மாணாக்கருக்காகப் பணம் திரட்டி வேறிடத்தில் 'லிங்கன் இன்ஸ்டிட்யூட்' என்ற பள்ளியை ஏற்படுத்திக் கொடுத்தது. சட்டம் தளர்ந்த 1950-ல்தான் அவர்களுக்கு மறுபடி கதவு திறந்தது. சேர்ந்து உட்காருவதை ஒரு சர்க்கார் குற்றமாக்கியதும், ஒரு கலாசாலை அதற்காகக் கோர்ட்டுப் படியேறியதும் நமக்கு அந்நியமான கதைகளாகத் தோன்றவில்லை.

இவ்வளவையும் குறித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் பையனும் நண்பரும், நண்பரின் தாயாரும் இருந்தார்கள். உழைப்பின் மேன்மையைப் பற்றி நாம் ஒரு சிறு பிரசங்கம் ஆரம்பித்தோம். பாட்டி பாதியில் நிறுத்தினாள்.

"இரு, அப்பா! நான் ஆறு வீட்டில் பாத்திரம் தேய்த்து இவனைப் படிக்க வைத்தேன். என் பேரன் கப்பலேறிப் போய் அங்கேயும் பாத்திரந்தான் தேய்க்க வேண்டுமா? அதற்கு ஒரு காலேஜா?"

நமக்கு வாய் அடைத்துப் போயிற்று. நாம் படித்த காலத்தில் நாலு வருஷம் ஹாஸ்டலில் இருந்தோம். சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவோம். அதை எடுத்துக் கழுவிய பெரியவரை நாலு வருஷமும் 'ஏய்!' என்றுதான் கூப்பிட்டோம்; அவர் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை, நாம் உட்பட. பரீட்சையில் 'சமத்துவம்' என்ற கட்டுரைக்கு நமக்கு முதல் மார்க்கு. அப்பேர்ப்பட்ட நாம், பாத்திரம் தேய்த்தே கை காய்த்துப் போன ஒருத்திக்கு உழைப்பின் மேன்மையை எடுத்துச் சொல்லப் போயிருக்கிறோம்!

பையன்தான் பேசினான். "பாட்டி! நீ தேய்த்த வீட்டில் அவர்கள் சாப்பிட்டார்கள், நீ தேய்த்தாய். அங்கே சாப்பிடுகிறவர்களேதான் தேய்க்கிறவர்கள்."

"எல்லோருமா?"

"எல்லோரும்."

"பணக்கார வீட்டுப் பிள்ளைகள்?"

"அவர்களைச் சேர்க்கிறதே இல்லை."

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இவனை என்ன வேலையில் போடுவார்கள்?" என்று நம்மைப் பார்த்துக் கேட்டாள்.

அது முன்கூட்டித் தெரியாது என்றோம். அங்கே பல காலமாகத் துடைப்பம் கட்டும் பட்டறை ஒன்று பேர்போனது, அதிலும் போடலாம் என்று சொல்லி, அந்தத் துடைப்பத்தின் படத்தையும் காட்டினோம். ஒரு வகைச் சோளப் பயிரின் கதிர்த்தாளை உலர்த்தி, நீண்ட கட்டையில் வைத்துக் கட்டுகிறார்கள். பாட்டி படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள்.

"சோளத் தாளா? வாசலுக்கு ஆகாது, கூடத்துக்கு வேண்டுமானால் ஆகும். கட்டு மட்டும் நன்றாகத்தான் போட்டிருக்கிறான்" என்றாள்.

பையன் அன்று இரவே மனுவை அனுப்பிவிட்டான். பதில் வருவதற்கு இன்னும் சில மாதங்கள் ஆகும். அதற்குள், தென்னந்துடைப்பம் ஒன்றைப் பெட்டியில் வைத்தால் ஆகாய விமானத்தில் விடுவார்களா என்று பாட்டி இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டாள்.