குசினியும் ஓயாவும்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் அக்குறணை வீட்டுக் குசினிச் சுவர் கன்னங்கரேலென்று இருக்கும். சுபஹுக்கு முன்னரே எழுந்து விறகடுப்பை ஊதும் உம்மாவின் இருமல்தான் எங்களை எழுப்பும். வாப்பாவின் மிளகு, கராம்பு வியாபாரம் சற்று நிமிர்ந்ததும் காஸ் அடுப்பு வந்தது. குசினிக்கு வெள்ளையடித்தோம். "இப்பதான் மகன் கண்ணத் தொறந்துக்கிட்டு சோறாக்க ஏலுது" என்றார் உம்மா.

காசு வந்தால் சுற்றாடல் கெட்டுவிடும் என்று மட்டுமே பேசுபவர்களுக்கு நான் அந்தச் சுவரைத்தான் சொல்வேன். நாட்டிலும் சில நல்லவை நடந்தன. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மலைகள் சூழ்ந்த கண்டியில் புகை இலகுவில் வெளியேறாது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும்.

பெற்ற சுகம் எவ்வளவு மெல்லியது என்பதை 2022 காட்டியது. நாட்டில் டொலர் இல்லை. ஆகவே காஸும் இல்லை. வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்று களைத்து, முற்றத்தில் மூன்று கல் வைத்தோம். முதுமையில் உம்மா மறுபடியும் இருமினார்.

ஆனால், இதே செல்வத்தின் இன்னொரு கதை எங்கள் கடைக்குப் பின்னால் ஓடுகிறது.

பிங்கா ஓயாவில் வாப்பா வுழுச் செய்ததை நான் கண்டிருக்கிறேன். வியாபாரம் பெருகப் பெருக, கண்டி - மாத்தளை வீதியோரத்தில் ஓரடி நிலமும் பொன்னானது. முன்னால் வீதி, நகர்வதற்குப் பின்பக்கம்தான் இருந்தது. வாப்பாவும் ஓயாக் கரையில் தூண் எழுப்பி ஒரு களஞ்சிய அறை கட்டினார். கழிவுக் குழாயும் அந்தப் பக்கமே இறங்கியது. வீட்டுக்குள் இருந்த அழுக்கு கண்ணை எரித்தது. காசு வந்ததும் துடைத்தோம். மதிலுக்கு அப்பால் போனது நம்முடையதாகவே தோன்றவில்லை.

அது எங்கே போகிறது? ஓயா கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலியில் சேர்கிறது. 1976 முதல் பொல்கொல்லையில் மறிக்கப்பட்டு, சுரங்க வழியே வடக்கே திருப்பப்படும் அந்த நீரில்தான் அநுராதபுரப் பக்கத்து வயல்கள் விளைகின்றன.

ஒடுங்கிய ஓயா சும்மா இருக்கவில்லை. கடைத்தெருவுக்குள் வெள்ளம் வருவதும், நாங்கள் மிளகுச் சாக்குகளை மேல்மாடிக்குச் சுமப்பதும் வழக்கமாயின. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை வெள்ளத்தாலும் மண்சரிவாலும் சிதைத்துவிட்டுப் போன பிறகு, அந்த அறையை இடித்துவிடுவோம் என்று தம்பியிடம் சொன்னேன்.

"நாங்க மட்டும் இடிச்சா தண்ணி வராம நிக்குமா நானா?"

நிற்காது. காஸ் அடுப்பை ஒரு வீடு தனியாக வாங்கலாம். ஓயாவுக்கு இடம்விட வேண்டுமென்றால் வீதியே சேர்ந்து பின்வாங்க வேண்டும். ஆனால் முதலில் பெயரும் தூண் யாருடையதாவது இருக்கத்தானே வேண்டும்.

கட்டுவதற்கு அன்று வாப்பாவிடம் காசு இருந்தது. இடிப்பதற்கு இன்று எங்களிடம் இருக்கிறது. தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.