தேவதைகளின் பங்கு

2023 நவம்பரில் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் ஒரு பாட்டில் விஸ்கி 21 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. நம் பணத்தில் 22 கோடி ரூபாய். மெக்காலன் 1926. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு இதில் பேச நிறைய இருக்கிறது.

1926இல் ஸ்காட்லாந்தில் வடித்த சரக்கு. ஷெர்ரி ஒயின் ஊறிய ஓக் பீப்பாயில் 60 வருடம் கிடந்தது. 1986இல் பாட்டிலில் அடைத்தபோது தேறியது 40 பாட்டில்தான்.

வடித்தவுடன் விஸ்கி தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். நிறமும் வாசனையில் பெரும்பங்கும் மரம் கொடுப்பது. அதே மரத்தின் வழியாகத்தான் ஆவியாகவும் போகும். அந்த ஊர்க் குளிரில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். 'தேவதைகளின் பங்கு' என்று அழகாகச் சொல்வார்கள். கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்: 100 லிட்டர் 60 வருடத்தில் 30 லிட்டர்தான்! ஆல்கஹாலும் இறங்கிக்கொண்டே வரும். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் ஸ்காட்ச் என்று விற்கச் சட்டம் விடாது. எப்போது போதும் என்று நிறுத்துவது என்பதில்தான் தொழில் ஞானமே இருக்கிறது.

இன்னொன்று. பாட்டிலுக்குள் போனபின் விஸ்கிக்கு வயது ஏறாது. 1986இல் 60 வயது, இன்றைக்கும் 60தான். அதன்பின் ஏறியதெல்லாம் விலை. ஏலம் போன பாட்டிலின் லேபிளை வரைந்தவர் இத்தாலிய ஓவியர் வலேரியோ அடாமி. அந்த லேபிளோடு வந்தவை 12தான்.

திறந்தால் மதிப்பு போய்விடும் என்று பெரும்பாலும் யாரும் திறந்து குடிப்பதில்லையாம். பீப்பாயிலேயே விட்டிருந்தால் தேவதைகளாவது குடித்திருக்கும்.