கல்லமேட்டு எலும்பும் கணினிக் களிமண்ணும்

டைனோசர் பொம்மையின் உருவம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், கடைசியில் ஏதாவது ஒரு பாறையில்தான் போய் நிற்க வேண்டும். போடிநாயக்கனூரைச் சுற்றி நிற்கும் ஏலமலைப் பாறை அதற்கு உதவாது. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய சார்னகைட், நைஸ் வகைப் பாறைகள் அவை. வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். டைனோசர்கள் தோன்றியே சுமார் 23 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. போடிமெட்டுச் சரிவில் எவ்வளவு தோண்டினாலும் எலும்பு அகப்படாது. எனவே இதை எழுதுபவரின் தேடல் அரியலூர்ப் படிவுப் பாறைகளின் பக்கம் திரும்பியது.

அரியலூரை அடுத்த கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் 1980களின் பிற்பகுதியில் ஒரு விலங்குக்குப் புருகத்காயோசரஸ் என்று பெயரிட்டனர். முதலில் அது ஊனுண்ணி என்று வகைப்படுத்தப்பட்டது. நீள்கழுத்துத் தாவர உண்ணி என்ற கருத்து பிறகே வலுப்பெற்றது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. ஈரத்தில் அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. 2022இல் வெளியான பழைய புகைப்படங்களும் முந்தைய வரைபடங்களுமே இன்று மிச்சம்.

இந்த விலங்கைப் பொம்மையாக்க நினைக்கும் சிற்பி 40இல் ஒரு பங்கு அளவை எடுத்தால், அந்தக் கால் எலும்பு 5 செ.மீ. ஆகிறது. தலை, கழுத்து, வால் எல்லாம் கடன்தான். கழுத்தையும் வாலையும் மகாராஷ்டிரத்தின் டோங்கர்காவுனில் கிடைத்த இசிசாரஸ் போன்ற உறவினத்திடம் வாங்கலாம். பிளெண்டர், இசட்பிரஷ் போன்ற மென்பொருள்களில் எலும்புக்கூட்டு வரைபடத்தைப் பின்னால் வைத்து, முதலில் பருமனான உருண்டைகள், பிறகு தசை, கடைசியில் தோல் என்று வேலை நகர்கிறது. திரையில் அழகாகத் தெரியும் மெல்லிய சுருக்கம் பெயின்ட் அடித்ததும் மறைந்துவிடும். அதனால் வேண்டுமென்றே ஆழமாகச் செதுக்க வேண்டும்.

ஊகத்தில் உருவம் செய்வது புதிதல்ல. 1854இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் நிறுத்திய இகுவானோடானுக்கு மூக்கில் கொம்பு இருந்தது. அது உண்மையில் கட்டைவிரல் முள். அவருடைய சிற்பங்களின் சிறு மாதிரிகளும் விற்பனைக்கு வந்தன. டைனோசர் பொம்மையும் அதன் பிழையும் கூடவே பிறந்தவை என்றே சொல்ல வேண்டும்.

சிற்பம் முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. கோடிக்கணக்கான முகங்கள் கொண்ட உருவைக் குறைத்து, உள்ளே குடைந்து, சுவர்த் தடிமனைச் சீராக்க வேண்டும். தடிமன் மாறினால் பிளாஸ்டிக் ஆறும்போது பள்ளம் விழும். உருக்கிய பிளாஸ்டிக்கை இரும்பு அச்சில் அழுத்தி ஊற்றுவதானால், அச்சின் இரு பாதிகளும் சிக்காமல் பிரிய வேண்டும். வயிற்றுக்கடியில் மடங்கிய கால் அங்கே வில்லங்கம். எனவே கால், வால், தாடை ஆகியவற்றைத் தனித்தனியாக வெட்டி, பொருத்துமுளை வைத்து, சேரும் கோட்டைத் தோல் மடிப்பில் ஒளிக்கிறார்கள். பிசினில் முப்பரிமாண அச்செடுத்துக் கையில் நிறுத்திப் பார்த்த பிறகே இரும்பில் கை வைப்பது வழக்கம். நீண்ட கழுத்தின் எடையில் பொம்மை முன்னால் குப்புற விழுந்தால், காலை நகர்த்தி மறுபடி அச்செடுக்க வேண்டியதுதான்.

கூர்மையான வால்நுனியும் கழன்று வரும் சிறு துண்டும் குழந்தைக்கு ஆபத்து என்பதால் அவற்றையும் சோதிக்கிறார்கள். இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். போடியில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும் அந்த முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.