அத்தா கொண்டுவந்த நான்கு கிண்ணங்கள்

எறையூரில் எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வருகிறவர்கள் முன்கூடத்துக் கண்ணாடி அலமாரியைக் கண்டதும் ஒரு கணம் தயங்கி நிற்பார்கள். ஐவேளைத் தொழுகையாளி என்று பெயரெடுத்தவன் வீட்டில் நாற்பத்தொரு சாம்பற் கிண்ணங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தால் யார்தான் தயங்க மாட்டார்கள்? “பாய், நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?” என்று வாய்விட்டுக் கேட்டவர்களும் உண்டு. இல்லை என்பேன். இன்றைய நிலைக்கு அது பொய்யில்லாத பதில். முழுப் பதிலையும் சொல்ல இத்தனை காலம் எனக்கு மனம் துணியவில்லை.

அத்தனையும் பீங்கான். அத்தனையிலும் சீனத்துச் சித்திரம். ஆனால் சீனத்தில் செய்யப்பட்டவை அவற்றுள் ஏழோ எட்டோதான். மற்றவை இங்கிலாந்திலும் சப்பானிலும் ஹாங்காங்கிலும் பிறந்து, சீன உடை தரித்துக்கொண்டு உலகம் சுற்றியவை. இந்த மாறுவேடந்தான் என்னை இந்தச் சேகரத்தில் பிடித்து இழுத்தது என்று நண்பர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். அதுவும் பாதி உண்மைதான்.

முதல் நான்கு கிண்ணங்களும் என் அத்தா கொண்டுவந்தவை. அவர்கள் 1954இல், நான் பிறந்த சில மாதங்களில், பினாங்குக்குச் சபர் போனார்கள். சூலியா தெருவை அடுத்த ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஊருக்கு வந்தது நான்கே முறை. மூன்று தடவை ‘ரஜூலா’ கப்பலில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கினார்கள். 1926இல் நீரில் இறங்கிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை தமிழகத்துக்கும் மலேயாவுக்குமாக எத்தனை குடும்பங்களின் கண்ணீரைச் சுமந்து திரிந்தது என்பதை அந்தத் தலைமுறையினர் அறிவர். நான்காம் முறை, 1976இல், ‘சிதம்பரம்’ கப்பலில் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள், பிறகு போகவில்லை.

ஒவ்வொரு முறையும் பெட்டியில் கைலி, கோடாலித் தைலம், வாசனைச் சோப்பு, டார்ச் விளக்கு இவற்றின் நடுவே, பழைய மலாய்ப் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சாம்பற் கிண்ணம் இருக்கும். அத்தா புகைத்தவர்களல்லர். வெற்றிலைகூடப் போட்டதில்லை. லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டில் புகைக்கிற ஆண்மகன் ஒருவரும் அப்போது இல்லை. “அக்கரையில் பழகிக்கொண்டு வந்திருக்கிறார், இங்கே மறைக்கிறார்” என்று உறவினர் பேசினர். அந்தப் பேச்சு காதில் விழுந்த நாளில் அம்மா முதல் கிண்ணத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார்கள். சுவரை வெறித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

1958இல் வந்த அந்தக் கிண்ணம் நீலமும் வெள்ளையுமானது. ஒரு பாலம், அதன்மேல் மூன்று மனிதர், சாய்ந்த மரம், மண்டபம், வானில் இரண்டு பறவைகள். ‘வில்லோ’ சித்திரம் என்று உலகமெங்கும் அறியப்பட்ட கோலம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பீங்கான் பட்டறைகளில், சீனத்து மாதிரிகளைப் பார்த்து வரைந்து, செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் மையொற்றி மண்ணில் பதித்தார்கள். காதலர் இருவர் பறவைகளானார்கள் என்றொரு கதையைப் பின்னர் கட்டியதும் ஆங்கிலேயர்தான். சீனத்தில் அப்படியொரு கதை கிடையாது. எங்கள் அம்மாவிடம் வேறு கதை இருந்தது. பாலத்தின்மேல் போகிற மூவரும் கப்பலுக்குப் போகிற அத்தாவும், வழியனுப்பும் மாமுவும், டிக்கெட் வாங்கிக் கொடுத்த தரகனும். நானும் தம்பியும் அதை நம்பித்தான் வளர்ந்தோம்.

இரண்டாவது, 1963இல் வந்தது. சாம்பலும் கறுப்புமாக மேகம் படர்ந்த உடலில் ஒரு டிராகன் புடைத்தெழுந்து நிற்கும். பெண்கள் கூம்பிலிருந்து மருதாணியைப் பிதுக்கிக் கோலமிடுவது போல, குழைத்த களிமண்ணைப் பிதுக்கியே இந்தப் பாம்புடலை வரைகிறார்கள். அடியில் ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்ற முத்திரை. போரில் தோற்ற சப்பான் அமெரிக்கப் படையின் கீழிருந்தபோது, 1947 முதல் 1952 வரையில், ஏற்றுமதிப் பொருள்களில் அந்த நாடு தன் அடிமைநிலையைத் தானே எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. சப்பானியப் படையின் கீழ் மூன்றரை ஆண்டு பட்டினி கிடந்த பினாங்கின் கடைத் தட்டுகளில் அந்த முத்திரையோடு கிண்ணங்கள் விற்கப்பட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ செய்கிறது.

மூன்றாவதில் ரோசா நிறப் பூக்களும் பட்டாம்பூச்சிகளும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். சப்பானியப் பீங்கான், ஹாங்காங்கில் அலங்கரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் அடியிலேயே ஒப்புதல் வாக்குமூலம். 1950 டிசம்பரில் அமெரிக்கா மக்கள் சீனத்தோடு வாணிபத்தை நிறுத்தியது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. சீனத்துப் பூவும் வேண்டும், சீனத்துச் சரக்காகவும் இருக்கக் கூடாது என்றால் வணிகன் என்ன செய்வான்? சப்பானிலிருந்து வெள்ளைக் கிண்ணம் வாங்கினான். ஹாங்காங்கில் வண்ணம் தீட்டிச் சூளையில் வைத்தான்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் அழகு. மஞ்சள் பரப்பில் ஐந்து சிவப்பு வௌவால்கள், நடுவே வட்டமான ஓர் எழுத்து, அடியில் சிவப்புச் சதுர முத்திரை. “சீனத்து ராஜா காலத்துச் சாமான்” என்று மட்டும் அத்தா சொன்னார்கள். வௌவாலைப் பார்த்து அம்மா பதறிப்போனார்கள். நம் பக்கத்தில் வௌவால் அடைந்த வீடு பாழடைந்த வீடல்லவா? சீன மொழியிலோ வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒரே ஓசை, ‘ஃபூ’. ஐந்து வௌவால்கள் ஐந்து பேறுகள். நடுவிலுள்ள எழுத்து நீண்ட ஆயுள். இதை நான் நூல்களில் படித்து அம்மாவுக்குச் சொன்னபோது அத்தா மவுத்தாகி ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

உருவம் பொறித்த பொருளை வீட்டில் வைக்கலாமா என்ற கேள்வியும் எழாமல் இல்லை. எங்கள் ஊர் ஹஜ்ரத் ஒருவரிடம் அம்மா கேட்டு விட்டிருந்தார்கள். மதித்து உயரத்தில் மாட்டுவது வேறு, மிதிபடும் விரிப்பிலும் சாய்கிற தலையணையிலும் இருப்பது வேறு என்று பிரித்துப் பேசிய ஃபிக்ஹு அறிஞர்கள் உண்டு என்றும், சாம்பல் தட்டுகிற பாத்திரத்தைவிடத் தாழ்ந்த இடம் ஓர் உருவத்துக்கு ஏது என்றும் சிரித்தாராம். இன்று அவை கண்ணாடி அலமாரியில் ஏறிவிட்டனவே. அவர் இருந்திருந்தால் என்ன சொல்வாரோ!

இந்தப் பித்தில் இறங்கிய பிறகு எங்கெல்லாமோ அலைந்திருக்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்து, அந்த வீடுகள் இடிபட்டபோது தெருவுக்கு வந்த கிண்ணங்கள் கிடைத்தன. 1985இல் தீக்கிரையாவதற்கு முன் சென்னை மூர் மார்க்கெட்டில் இரண்டு. பொது இடங்களில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் தடை வந்தபின் விடுதிகளும் அலுவலகங்களும் இவற்றைக் குப்பையோடு தள்ளின, எனக்குக் கொண்டாட்டம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரல் நகத்தால் விளிம்பைச் சுண்டினால் மணியோசை வரவேண்டும். மழுங்கிய ஓசை வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. நீலம் மெருகுக்குக் கீழே இருப்பதால் அழியாது. சிவப்பும் பொன்னும் மெருகுக்கு மேலே தீட்டிக் குறைந்த வெப்பத்தில் சுட்டவை. சாம்பலோ சபீனாவோ போட்டுத் தேய்த்தால் கையோடு வந்துவிடும்.

அந்த நீலத்தைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி. அதன் மூலப்பொருளான கோபால்ட்டு, பாரசீகத்துக் காஷான் பகுதியிலிருந்து முஸ்லிம் வணிகர்களின் வழியே சீனம் சென்றது. ‘ஹுய்ஹுய் சிங்’, அதாவது ‘முஸ்லிம் நீலம்’ என்றே சீனர் அதற்குப் பெயரிட்டனர். மிங் வம்சத்து செங்தே பேரரசர் காலத்தில், 1506க்கும் 1521க்கும் இடையில், அரபியும் பாரசீகமும் எழுதிய நீலப் பீங்கான்கள் அரண்மனைச் சூளைகளில் உருவாயின. பீங்கான் என்ற சொல்லையே நாம் பாரசீகத்திலிருந்துதான் பெற்றோம். என் நன்னி மங்கு என்பார்கள். மலாய் மொழியில் கிண்ணத்துக்கு மங்கோக் என்று பெயர். வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூ மையால் ஓதி எழுதிக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பதை எங்கள் சிறுவயதில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் கண்டிருக்கிறோம்.

சீனப் பீங்கான் இந்தப் பக்கத்துக்குப் புதிய விருந்தாளியும் அன்று. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில், மாளிகைமேட்டில் 1980களில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் தோண்டியபோது சோழர் அரண்மனை இருந்த இடத்திலேயே சீனப் பீங்கான் சில்லுகள் வெளிப்பட்டன. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதுவர்கள் சீன அரசவைக்குச் சென்றதைச் சீனர் எழுதி வைத்திருக்கிறார்கள். அரசன் உண்ட கலத்தின் சில்லு மண்ணுக்குள் கிடந்தது. கணக்கப்பிள்ளை கொண்டுவந்த கிண்ணம் அரிசிப் பானைக்குள் கிடந்தது.

இனி, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததைச் சொல்கிறேன்.

கல்லூரியில் படிக்கும்போது எனக்குச் சிகரெட்டுப் பழக்கம் தொற்றியது. எறையூர்ச் சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்து இங்கே குடிவந்தபோது அத்தாவும் அம்மாவும் என்னோடு வந்தார்கள். இரவுப் பணி முடிந்து வந்து முன்கூடத்தில் உட்கார்ந்து புகைப்பேன். சாம்பலைத் தட்ட ஒரு பாத்திரம் வேண்டுமே. கைக்கு எட்டிய இடத்தில் அந்த வௌவால் கிண்ணம் இருந்தது. சாம்பற் கிண்ணத்தில் சாம்பல் தட்டுவதில் என்ன பிழை என்று அன்று எனக்குத் தோன்றியது.

அத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. சுபுஹு தொழுதுவிட்டு வந்து, அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக் கிணற்றடிக்குப் போவார்கள். துணியால் துடைத்துக் கழுவி, கைலி முனையால் ஈரம் ஒற்றி, இருந்த இடத்திலேயே வைப்பார்கள். ஒரு நாளல்ல, இரு நாளல்ல, ஏறத்தாழப் பத்தாண்டுகள். நான் அதை முதுமையின் துப்புரவுப் பழக்கம் என்று எண்ணிக்கொண்டேன். ஒருநாள் அவசரத்தில் கிண்ணத்தைத் திண்ணை விளிம்பில் தட்டிக் கவிழ்த்தேன். மயிரிழைபோல ஒரு கீறல் ஓடியது. அன்றிலிருந்து புகையின் பழுப்பு அந்தக் கீறலுக்குள் இறங்கத் தொடங்கியது. அத்தா அதன்பின் இன்னும் மெதுவாகக் கழுவினார்கள்.

1989இல் இருமல் முற்றி மருத்துவர் எச்சரித்தபின் நான் நிறுத்தினேன். அத்தா சொல்லி நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது உண்மையல்ல. அதற்கடுத்த ஆண்டு, அவர்களுடைய இறுதி நோயின்போதுதான், ஏன் சாம்பற் கிண்ணமாகவே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். இவ்வளவு காலம் அதைக் கேட்கத் தோன்றாத மகன் நான்.

அவர்கள் வேலை செய்த கடைக்கு எதிரே ஒரு சீனத் தவுக்கேயின் பீங்கான் கடை. இருவருக்கும் அரைகுறை மலாய்தான் பொது மொழி. அத்தா ஊருக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் கடையிலிருந்து ஒரு பொருள் கொடுத்தனுப்புவார். சோற்றுக் கிண்ணமோ தேநீர்க் கோப்பையோ கொடுத்தால், சீனன் வீட்டுப் பாத்திரம், எது பட்டதோ என்று முஸ்லிம் வீட்டுப் பெண்கள் அதில் உண்ணத் தயங்குவார்கள்; வாங்கிய நண்பனுக்கும் சங்கடம். ஆகவே யாரும் எதையும் உண்ணாத ஒரு பாத்திரத்தைத் தேர்ந்து கொடுப்பார். “அவன் வாய்விட்டுச் சொல்லலத்தா, எனக்கா விளங்கிச்சு” என்றார்கள் அத்தா. 1976இல் கொடுத்த கடைசிக் கிண்ணத்தை மட்டும் கடையிலிருந்து எடுக்கவில்லையாம். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தாராம்.

1991இல் அத்தா மவுத்தானார்கள். அந்தக் கிண்ணத்தின் கீறலைப் போக்க எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். சோடா மாவு, எலுமிச்சை, வெயில். பழுப்பு மங்கியதே தவிரப் போகவில்லை. அதன்பிறகுதான் ஊர் ஊராக அலைந்து மற்றக் கிண்ணங்களை வாங்க ஆரம்பித்தேன். மூர் மார்க்கெட்டு இரண்டும் அதற்கு முன்பு புகைப்பதற்கென்றே வாங்கியவை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது எறையூரின் முகமே மாறுகிறது. 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள்; காலணித் தொழிற்சாலை வந்தது. சென்ற ஆண்டு அது தொடர்பாக இங்கு வந்திருந்த தைவான் பொறியாளர் ஒருவரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கள் அலமாரியைக் காட்ட அழைத்து வந்தான். நான்காவது கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன். கவிழ்த்து முத்திரையைப் படித்தவர் சிரித்துவிட்டார். ‘மகா சிங் வம்சத்து சியென்லுங் ஆட்சியில் செய்யப்பட்டது’ என்று எழுதியிருக்கிறதாம். சியென்லுங் ஆண்டது 1736 முதல் 1796 வரை. சிகரெட்டை வைக்க விளிம்பில் பள்ளம் வெட்டிய கிண்ணம் அவர் காலத்தில் ஏது? பழைய பேரரசர்களின் பெயரைப் பிற்காலக் குயவர்கள் மரியாதைக்காகவும் இடுவார்கள், விலைக்காகவும் இடுவார்கள் என்று விளக்கினார். நூறாண்டுகூட ஆகாத சரக்கு. பிறகு அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். எதுவும் கேட்காமல் இரண்டு கைகளாலும் திருப்பித் தந்தார்.

அவர் போனபின் உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார்கள். எண்பத்தேழு வயது, கண் மங்கிவிட்டது, காது தீர்க்கம்.

“சீனாக்காரரு என்னத்தா படிச்சாரு?”

“சீனத்து ராஜா பேரு எழுதியிருக்காம்மா.”

“அதத்தானே உங்கத்தா அன்னைக்கே சொன்னாக” என்று சொல்லிவிட்டு அம்மா தஸ்பீஹை மறுபடி உருட்டத் தொடங்கினார்கள்.