கட்சிக்காரர் இல்லாத கட்டு

நான் வாதாடிய வழக்குகளைவிட, தூரத்திலிருந்து பார்த்த ஒரு வழக்குதான் என்னை அதிகம் படுத்தியிருக்கிறது. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் லூசியானாவில், பார்க்ஸ்டேல் விமானப்படைத் தளத்தில் அது நடந்தது. வந்த செய்திகளையெல்லாம் கத்தரித்து ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தேன்.

2002 ஏப்ரல் 17 இரவு, ஆப்கானிஸ்தானின் காந்தகார் அருகே டார்னக் பண்ணை என்ற இடத்தில் கனடா சிப்பாய்கள் சுடும் பயிற்சியில் இருந்தார்கள். ரோந்து முடித்துத் திரும்பிய எஃப்-16 விமானி ஹாரி ஷ்மிட், கீழே தெரிந்த நெருப்பைத் தம்மை நோக்கிச் சுடுவதாக எடுத்துக்கொண்டு, திருப்பிச் சுட அனுமதி கேட்டார். சுட வேண்டாம் என்று பதில் வந்தது. தற்காப்பு என்று அறிவித்துவிட்டு 500 பவுண்டு குண்டைப் போட்டார். நால்வர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். அவர்மீதும், கூடப் பறந்த தலைமை விமானி வில்லியம் உம்பாக்மீதும் குற்றம் சாட்டினார்கள். பார்க்ஸ்டேலில் நடந்தது தீர்ப்பு சொல்லும் விசாரணை அல்ல. ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்ப முகாந்திரம் உண்டா என்று பார்க்கும் முதல் படி.

அங்கேதான் மாத்திரை வந்தது. நீண்ட பயணங்களில் கண் செருகாமலிருக்க விமானப்படையே டெக்ஸெட்ரின் கொடுத்து வந்தது. ஆம்ஃபெட்டமைன் வகை, விமானிகள் வாயில் ‘கோ பில்’. வண்டி, இயந்திரம் ஓட்டும் திறனை இது கெடுக்கலாம் என்று மருந்தின் குறிப்பிலேயே எச்சரிக்கை உண்டு. அதைத்தான் விமானிகளின் வக்கீல்கள் பிடித்துக்கொண்டார்கள். தூங்காத விமானி மாத்திரை போட்ட விமானியைவிட ஆபத்தானவர் என்றது விமானப்படை. அதுவும் லேசில் தள்ளக்கூடிய வாதமல்ல. தூக்கம் கெட்டவனுக்கு இந்த மருந்து விழிப்பைத் தருகிறது, விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தும் வேகத்தை மீட்டுத் தருகிறது. அழுத்தலாமா, பொறுக்கலாமா என்று நிதானிக்கும் புத்தியையும் அதே அளவுக்கு மீட்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அந்த இரவில் தேவைப்பட்டது வேகமல்ல, பொறுமை.

என்னைப் பிடித்து நிறுத்தியது சம்மதப் படிவம். மாத்திரை கட்டாயமில்லை என்று அதில் இருந்தது. தேவைப்படும் நேரத்தில் மறுத்தால், மருத்துவர் ஆலோசனையின்பேரில் அந்தப் பயணத்துக்குத் தகுதியற்றவர் என்று மேலதிகாரி முடிவு செய்யலாம் என்பதும் அதே தாளில்தான் இருந்தது. நம் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 85ஆவது பிரிவு, தனக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டவனுக்குத்தான் விலக்கு தந்தது. இந்தத் தாளை நம் நீதிபதி ஒருவர் முன் நீட்டினால், விருப்பம் என்பாரா, விருப்பத்துக்கு மாறு என்பாரா? இரண்டு பக்கமும் நானே நின்று வாதாடிப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஜெயித்தேன், அதாவது உருப்படியாக ஜெயிக்கவில்லை.

அந்த வக்கீல்களின் சங்கடமும் எனக்குப் புரிந்தது. தற்காப்பு என்றால், என் கட்சிக்காரர் நியாயமாக யோசித்துத்தான் ஆபத்தைக் கண்டார் என்று சொல்ல வேண்டும். மாத்திரை என்றால், அவருடைய யோசனை அன்று கெட்டிருந்தது என்று சொல்ல வேண்டும். ஒரே வாயால் இரண்டையும் சொல்கிற வக்கீலை நீதிபதி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கேட்பார்.

முகாந்திரம் உண்டு, ஆனால் ராணுவ நீதிமன்றம் வேண்டாம் என்று விசாரணை அதிகாரி பரிந்துரைத்தார். பெரிய குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. உம்பாக் கண்டனக் கடிதத்தோடு ஓய்வு பெற்றார். ஷ்மிட் துறைத் தண்டனையை மறுத்து, என்னை நீதிமன்றத்திலேயே விசாரியுங்கள் என்றார். கட்டைப் பிரித்துப் புதுத் தாள்களைச் சேர்த்தேன். மாத்திரை கொடுத்த மருத்துவர் இனிக் கூண்டேறுவார், சரியான குறுக்கு விசாரணை நடக்கும் என்று காத்திருந்தேன். அடுத்த ஆண்டு அவரே மனம் மாறித் துறைத் தண்டனைக்கு ஒப்புக்கொண்டார். 2004 ஜூலையில் கடமை தவறியதற்காகக் கண்டனமும் 5,672 டாலர் அபராதமும் விதித்து முடித்தார்கள். மருத்துவர் கூண்டேறவே இல்லை.