கூடையில் ஒரு பெயர்

அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள துறைமுக நகரம் பிரிமான்டில். எங்கள் தீவைச் சூழ்ந்திருக்கும் அதே இந்து சமுத்திரம்தான் அங்கும் கரையைத் தொடுகிறது. பேர்த் நகரில் வாழும் என் தங்கையிடம் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, அரை மணித்தியாலப் புகையிரதப் பயணத்தில் அந்நகருக்குப் பலமுறை போய்வந்தேன். "அங்கை என்னக்கா பார்த்தனீங்கள்?" என்று எங்கள் பனையோலைக் குழுவிலுள்ள பெண்கள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னவற்றையே உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் சாப்பாடு. மீன்பிடிப் படகுத்துறையில், மாவில் தோய்த்துப் பொரித்த மீனையும் உருளைக்கிழங்குப் பொரியலையும் சுடச்சுடத் தருகிறார்கள். உப்பும் தேசிப்புளியும் மட்டுமே சேர்க்கிறார்கள். உறைப்பு என்பது பெயருக்கும் இல்லை. தங்கை கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் சரை ஒன்றை எடுத்து நீட்டினாள். அதன் பிறகுதான் எனக்கு வாய்க்குப் பிடித்தது. 1897 இல் கட்டப்பட்ட பழைய சந்தையில் மரக்கறி, பழங்கள், பாண், கைப்பணிப் பொருட்கள் என எல்லாமே ஒரே கூரையின் கீழ் விற்கப்படுகின்றன. தெருவோரக் கோப்பிக் கடைகளில் சனம் நிறைந்திருக்கிறது.

இந்தக் கோப்பிக்கும் மீனுக்கும் பின்னால் இடம்பெயர்ந்தவர்களின் கதை இருக்கிறது. இத்தாலியின் மொல்பெற்றா, கப்போ டொர்லாண்டோ ஆகிய கரையோர ஊர்களிலிருந்து வந்த மீனவர்கள்தான் இங்கு மீன்பிடித் தொழிலை வளர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானபோது அவர்களில் பலர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். போர் முடிந்தது. 1948 இல் அதே மக்கள் தங்கள் ஊர் மாதாவின் திருவுருவத்தைச் சுமந்து, படகுகளை ஆசீர்வதிக்கும் திருவிழாவைத் தொடங்கினார்கள். இன்றும் ஒக்டோபர் மாதத்தில் அந்த ஊர்வலம் தேவாலயத்திலிருந்து படகுத்துறைக்குப் போகிறது. எதிரிகள் என்று அடைக்கப்பட்டவர்களின் உணவும் திருவிழாவும் இன்று அந்நகரத்தின் பெருமையாக இருக்கின்றன.

கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அருகே நீண்ட சுவர்கள் நிற்கின்றன. கப்பலேறி வந்து குடியேறியவர்களின் பெயர்களும், அவர்கள் வந்த கப்பலும், ஆண்டும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு மூதாட்டி ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடித்து விரலால் தடவிக்கொண்டு நின்றார். என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு என் கணவரின் பெயரை நான் எழுதிக் கொடுத்த படிவங்களுக்குக் கணக்கில்லை. ஒரு பெயரைக் கையால் தொடுவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் எல்லோருடைய பெயரும் சுவரில் ஏறுவதில்லை. பிரிமான்டில் மண்ணுக்கு உரியவர்களான நூங்கார் மக்கள் இவ்விடத்தை வல்யலப் என்று அழைக்கிறார்கள். கடற்கரைக் குன்றில் 1831 இல் திறக்கப்பட்ட வட்டச் சிறை இருக்கிறது. பழங்குடிக் கைதிகள் அங்கு அடைத்து வைக்கப்பட்டு, கடலுக்கு அப்பாலுள்ள வாஜமப் தீவுச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். வெள்ளையர் அத்தீவுக்கு ரொட்னஸ்ற் என்று பெயரிட்டிருந்தார்கள். அங்கு 370 இற்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் அடையாளமற்ற புதைகுழிகளில் கிடக்கிறார்கள். உல்லாசப் பயணிகள் இன்று விடுமுறைக்குச் செல்லும் தீவும் அதுதான். காணாமற்போனவர்களைத் தேடும் எங்களுக்கு அந்த மௌனம் புதிதல்ல.

அந்நகரில் என்னை அதிகம் பாதித்த கட்டடம் பிரிமான்டில் கலை நிலையம். 1860 களில் கைதிகளின் உழைப்பில் எழுந்த சுண்ணாம்புக்கல் மாளிகை அது. முதலில் மனநோயாளர் காப்பகமாக இருந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனம் சோர்ந்த பெண்களும், போக்கிடமற்ற ஏழைப் பெண்களும் அங்கு அடைக்கப்பட்டார்கள். பின்னர் ஆதரவற்ற முதிய பெண்களின் இல்லமாக மாறியது. 1950 களில் அதை இடித்துவிடத் திட்டமிட்டார்கள். எதிர்ப்பு எழுந்ததால் கட்டடம் தப்பியது. 1970 களில் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. பெண்கள் பூட்டி வைக்கப்பட்டிருந்த இடத்தில் இன்று ஓவியக் கண்காட்சிகள் நடக்கின்றன. கைப்பணி வகுப்புகள் நடக்கின்றன. புல்வெளியில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

பழங்குடிப் பெண்கள் புல்லால் பின்னிய கூடைகளையும் அங்கேதான் கண்டேன். நடுப் பாலைவனப் பகுதிப் பெண்களின் சபையொன்று 1995 இல் இந்தப் பின்னல் வேலையைத் தொடக்கியது. அவர்களின் மொழியில் புல்லைக் குறிக்கும் ஜன்பி என்ற சொல்லே இந்த முயற்சிக்குப் பெயராயிற்று. சொந்த மண்ணை விட்டுப் போகாமல், பெண்கள் தங்கள் கையால் உழைத்துத் தங்கள் பணத்தைத் தாங்களே வைத்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். 2005 இல் இந்தப் பெண்கள் சிலர் சேர்ந்து, உண்மையான அளவில் ஒரு ரொயோற்றா வாகனத்தையே புல்லால் பின்னினார்கள். பழங்குடிக் கலைக்கான தேசிய விருதில் முதற்பரிசு அதற்குக் கிடைத்தது.

ஒரு கூடையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஆரம்பச் சுற்று எங்கள் பெட்டியின் அடியைப் போலவே இறுக்கமாக இருந்தது. கூடையில் கட்டியிருந்த சிறிய அட்டையில் பின்னிய பெண்ணின் பெயரும் ஊரும் எழுதப்பட்டிருந்தன. விலையைக் கேட்டபோது மலைத்துப்போனேன். "இது சும்மா கூடை இல்லை அக்கா, ஓவியம் மாதிரி. ஆர் செய்தது எண்டு தெரிஞ்சுதான் வாங்குவினம்" என்றாள் தங்கை.

எங்கள் பெட்டிகளும் நீத்துப்பெட்டிகளும் சுளகுகளும் ஊர் பேர் இல்லாமல் வியாபாரியின் கைக்குப் போகின்றன. வெயிலில் ஓலை காயவைத்து, வார்ந்து, சாயமிட்டு, விரல் வெடிக்கப் பின்னியவள் யாரென்று வாங்குபவருக்குத் தெரியாது. பெயர் தெரியாத உழைப்புக்கு விலையையும் மற்றவர்தான் தீர்மானிக்கிறார்.

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் குழுவில் இதைப் பேசினோம். "எங்கடை பேரைப் பார்த்து ஆர் வாங்கப்போகினம்?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். அட்டை கட்டியதும் விலை ஏறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் பின்னியவளின் பெயரையும் ஊரையும் எழுதிக் கட்டுகிறோம். எழுதத் தெரியாத ஒரு அம்மாவுக்குப் பேத்தி எழுதிக் கொடுக்கிறாள்.

தோழிகளே, தையல், மட்பாண்டம், ஊறுகாய், மிளகாய்த்தூள் என்று நீங்கள் எதைச் செய்தாலும் அதில் உங்கள் பெயரை எழுதுங்கள். எங்களிடமிருந்து பறிபோன பெயர்களைக் கேட்டு நிற்கும் நாங்கள், எங்கள் கையிலுள்ள எங்கள் பெயரை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?